கதையும் கல்வெட்டும்
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"இந்த வயசுலயும் கதைப் புத்தகமா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். இந்த வயசுலதானே சார் நேரமே கிடைக்குது! சு. வெங்கடேசனின் 'வேள்பாரி' 2016 முதல் 2018 வரை ஆனந்த விகடனில் வந்தபோது வாரா வாரம் காத்திருந்து படித்தேன். காதலும் போருமாக அப்படியொரு வேகம். மாயக்கதை வேண்டுவோருக்கு ஜெயமோகனின் 'வெண்முரசு' இருக்கிறது. மகாபாரதத்தை 26 நாவல்களாக எழுதி 2020-இல் முடித்தார்.

மர்மம் என்றால் எனக்கு இன்றைக்கும் ஆதித்த கரிகாலன் கொலைதான். 'பொன்னியின் செல்வ'னில் கொன்றவர் யார் என்று கல்கி அறுதியிட்டுச் சொல்லவில்லை. ராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த உடையார்குடிக் கல்வெட்டு சொல்கிறது: சோமன், ரவிதாசன், பரமேசுவரன். துரோகிகள் என்று அவர்களின் சொத்தையே பறித்திருக்கிறார்கள்.

2022-இல் படம் பார்த்துவிட்டு வந்த என் பேத்தி, "நந்தினி எந்த ஊரு தாத்தா?" என்றாள். "கல்கியோட பேனாதாம்மா அவ ஊரு" என்றேன். ரவிதாசன் கல்லில் இருக்கிறான். நந்தினி கற்பனையில் மட்டும்தான். இரண்டையும் குழப்பிக்கொண்டால் வரலாறு கெடும். கதையே வேண்டாமென்றால் அந்தக் கல்வெட்டைத் தேடிப் போக யாருக்குத் தோன்றும்?

ஆகவே நண்பர்களே, ஆளுக்கொரு நாவலும் கூடவே ஒரு வரலாற்று நூலும் நம் கல்லூரி நூலகத்துக்குக் கொடுப்போம். பிள்ளைகள் கதையில் மயங்கட்டும். பிறகு கேள்வி கேட்கட்டும்.