இளமையில் படபடக்கும் நெஞ்சும் இரத்தக் கொதிப்பும்

(அலோர் ஸ்டாரில் தோட்டத் தொழிலாளர்களிடையே நிகழ்த்திய உரை)



இந்நகரைச் சுற்றிலும் கண்ணுக்கெட்டிய வரை நெல்வயல்களே பரந்து கிடக்கின்றன. ரப்பர் மரங்களைக் காண வேண்டுமாயின் தெற்கே சுங்கை பட்டாணி, கூலிம், பாலிங் வட்டாரங்களை நோக்கிச் செல்ல வேண்டும். அத்துணைத் தொலைவிலிருந்து, பால் நிறுத்துக் கொடுத்த கையோடு பேருந்தேறி வந்திருக்கும் உங்களிடம் நீண்ட முன்னுரை கூற நாம் விரும்பவில்லை.

இரத்தக் கொதிப்பு என்றதும் நரைத்த தலையே நம் நினைவுக்கு வருகிறது. 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, இந்நாட்டில் வயது வந்தோரில் ஏறத்தாழ பத்துப் பேரில் மூவருக்கு இரத்த அழுத்தம் மிகுந்துள்ளது. அவர்களுள் இளைஞரும் உளர். ஆயின் இளைஞர்தாம் தம்மைச் சோதித்துக்கொள்வதில்லை. உடம்பில் வலியில்லை, மரமேறவும் சுமை தூக்கவும் வலுவிருக்கிறது, பின் மருத்துவரிடம் போவானேன் என்று இருந்துவிடுகின்றனர்.

ஓர் இளைஞரைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 24. தந்தையும் தாயும் பால் வெட்டுபவர்கள். அவரோ கூலிம் ஆலையொன்றில் வேலைக்கு மனுச் செய்து, மருத்துவச் சோதனைக்குச் செல்கிறார். இரத்த அழுத்தம் 152க்கு 96. நாடித் துடிப்பு நிமிடத்திற்கு 112. வேலை போய்விடுமோ என்ற அச்சம் ஒருபுறம். மாத்திரையைத் தொட்டால் ஆயுள் முழுதும் விடமுடியாது என்று லயத்தில் எவரோ சொன்ன சொல் மறுபுறம். அவர் வீட்டிலும் சொல்லாமல், மறுசோதனைக்கும் போகாமல் இருந்துவிடுகிறார். நாம் அஞ்சுவது அந்த 152ஐக் கண்டு அன்று. இந்த மௌனத்தைக் கண்டுதான்.

முதலில் அவர் அறிய வேண்டியது யாதெனில், ஒரு முறை எடுத்த அளவு தீர்ப்பாகாது. மருந்தகத்தில் வெவ்வேறு நாள்களில் எடுத்த அளவுகள் 140க்கு 90 அல்லது அதற்கு மேல் நின்றால்தான் இரத்தக் கொதிப்பு என்பர். மேலெண், கீழெண் இரண்டில் ஒன்று மிகுந்தாலும் அது மிகுதியே. வீட்டில் எடுப்பதாயின் 135க்கு 85 என்பதே எல்லை. வெள்ளை அங்கியைக் கண்டதும் நெஞ்சு படபடத்து அளவு ஏறுவோர் பலர் உண்டு. வீட்டில் அவர்களுக்கே அளவு சரியாக இருக்கும். ஆகவே ஒரு வாரம் காலையும் மாலையும் வீட்டில் எடுத்துக் குறித்து வருவது மருத்துவருக்குப் பேருதவி.

எடுக்கும் முறையிலும் பிழை நேர்வதுண்டு. மோட்டார் சைக்கிளை நிறுத்திய மூச்சிரைப்போடு கையை நீட்டலாகாது. ஐந்து நிமிடம் அமைதியாக அமர வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும். பாதங்கள் தரையில் படிந்திருக்க வேண்டும். கை மேசைமேல் இதய மட்டத்தில் இருக்க வேண்டும். அதற்கு முன் அரைமணி நேரம் கோப்பியும் சிகரெட்டும் கூடா. சிறுநீரை அடக்கியிருத்தலும் அளவை ஏற்றும். கை பருத்தவருக்குச் சிறிய பட்டையைச் சுற்றினால் பொய்யாக மிகுத்துக் காட்டும். பெரிய பட்டை கேளுங்கள், கேட்பதில் தவறில்லை.

நாடியை எண்ணக் கருவி எதுவும் வேண்டா. பெருவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரு விரல்களை வைத்து, கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். ஓய்வில் 60 முதல் 100 வரை இயல்பு. நிரை முழுதும் வெட்டி, பால் வாளியைத் தூக்கி வந்தபின் 120 இருப்பது வியப்பன்று. உட்கார்ந்து இளைப்பாறிய பின்னும் நாள்தோறும் நூறைத் தாண்டி நின்றால் காரணத்தைத் தேட வேண்டும்.

காரணங்களோ பல. இரத்தச் சோகை உடையவருக்கு இதயம் விரைந்து அடிக்கும். பெண்களிடம் இது மிகுதி. கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறிச் சுரந்தால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், உண்டும் உடல் மெலியும். காய்ச்சலும் நீர் குறைவும் துடிப்பை ஏற்றும். மனக்கலக்கமும் ஏற்றும், அது வெட்கப்படத்தக்க காரணமன்று. இளம் வயதில் இரத்த அழுத்தம் மிகுந்திருப்பின், மருத்துவர் சிறுநீரகத்தை ஐயுறுவார். சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று பார்ப்பார், இரத்தத்தைச் சோதிப்பார். தொடையிடுக்கிலும் நாடி பார்ப்பார். பெருந்தமனி பிறவியிலேயே குறுகியிருந்தால் அங்கே நாடி தளர்ந்திருக்கும். இவற்றுள் சில, கண்டறிந்தால் அடியோடு நீக்கத்தக்கவை. அந்த இளைஞர் மறைந்திருப்பதால் இழப்பது இந்த வாய்ப்பைத்தான்.

நாமே வாங்கிக் குடிக்கும் காரணங்களும் உண்டு. இரவுப் பணிக்காகக் குடிக்கும் ஊக்கப் பானம், வெறும் வயிற்றில் கருங்கோப்பி, சிகரெட், சம்சு, மூக்கடைப்புக்குக் கடையில் வாங்கும் சில மாத்திரைகள் ஆகியவை இதயத்தை விரட்டக்கூடியவை. சியாபுவைப் பற்றிச் சொல்லவே வேண்டா. கெடாவில் நாம் மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். கெத்தும் இலை நீரை அருந்தியோருள் சிலருக்கு நெஞ்சுப் படபடப்பும் அழுத்த உயர்வும் கண்டதாக மருத்துவ ஏடுகளில் பதிவுகள் உள்ளன. அலுப்புத் தீரும் என்று அதைக் குடிப்பவர், மருத்துவர் கேட்டால் மறைக்காமல் சொல்லட்டும். அவர் காவல்துறையினர் அல்லர்.

இனி வேர்ப்பொடி. இரத்தக் கொதிப்புக்குச் சர்ப்பகந்தி வேர் நல்லது என்பது பழைய செய்தி, பொய்யும் அன்று. பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், அவ்வேரை நோயாளிகளுக்குக் கொடுத்துக் கண்ட பயனை 1949ஆம் ஆண்டு பிரிட்டிஷ் இதய மருத்துவ ஏட்டில் எழுதினார். உலகம் திரும்பிப் பார்த்தது. 1952இல் சுவிட்சர்லாந்தில் அவ்வேரிலிருந்து ரிசர்பின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். அது அழுத்தத்தையும் குறைத்தது, துடிப்பையும் தணித்தது. நம் இந்திய மண்ணின் வேர் என்பதில் நமக்குப் பெருமையே. எனினும் அதை உண்டோருள் சிலருக்கு ஆழ்ந்த மனச்சோர்வு வந்தது. பின்னர் பாதுகாப்பான மருந்துகள் வந்தமையால் மருத்துவர்கள் அதைப் பெரும்பாலும் விட்டுவிட்டனர். ஒரு கரண்டிப் பொடியில் எவ்வளவு மருந்து உள்ளது என்று கடைக்காரருக்கும் தெரியாது, உண்பவருக்கும் தெரியாது.

உப்பைப் பற்றித் தோட்டத்தில் ஒரு வாதம் உண்டு: "வியர்வை சிந்துகிறவனுக்கு உப்பு வேண்டாமா?" வேண்டும். ஆயின் கருவாடும், ஊறுகாயும், பெலாச்சான் சம்பலும், கிச்சாப்பும், உடனடி மீயும் அந்தத் தேவைக்கு மேலாகவே தந்துவிடுகின்றன. உலக சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், இருக்க வேண்டும் என்கிறது. மலேசியரோ சராசரி 7.9 கிராம் உண்பதாக ஓர் ஆய்வு கண்டது. வெயிலில் உழைப்பவருக்குப் பெரிதும் குறைவது தண்ணீரே. தாய்மார்கள் கருவாட்டை அறவே விலக்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. கருவாடு வைத்த நாளில் ஊறுகாயை எடுத்து வைத்தால் போதும். மீயின் தூள் பொட்டலத்தில் பாதியைக் கொட்டிவிடலாம்.

மருத்துவர் மாத்திரை கொடுத்தால் அச்சம் வேண்டா. எடை குறைந்து, உப்பும் மதுவும் குறைந்தபின் மருந்தின் அளவைக் குறைக்கப்பெற்றோரும் உண்டு. அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். துடிப்பையும் அழுத்தத்தையும் ஒருங்கே தணிக்கும் மாத்திரைகள் உள்ளன; அவற்றைத் திடீரென நிறுத்துதல் ஆபத்து; இழுப்பு நோயுள்ளவர் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பிள்ளைப்பேற்றை எதிர்நோக்கும் பெண்களும் சொல்ல வேண்டும். சில மாத்திரைகள் கருவிலுள்ள சிசுவுக்குக் கேடு செய்யும். அண்டை வீட்டாரின் மாத்திரையை இரவல் வாங்குவது ஏன் தகாது என்பது இதிலிருந்தே விளங்கும்.

சில வேளைகளில் காத்திருக்கலாகாது. படபடப்போடு நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் ஆகியன கண்டாலும், முகமோ கையோ ஒரு பக்கம் தளர்ந்தாலும், பேச்சுக் குழறினாலும் உடனே 999ஐ அழையுங்கள். ஓய்ந்திருக்கையில் விளக்கைப் போட்டாற்போலத் திடீரெனத் தொடங்கி, அவ்வாறே திடீரென நின்றுவிடும் படபடப்பு வேறு வகை. அது இதயத்தின் மின்னோட்டக் கோளாறாக இருக்கலாம். அடிக்கும்போதே மருந்தகத்திற்குச் சென்று மின்வரைபடம் எடுத்தால்தான் பிடிபடும்.

நம் இளைஞருக்கு வருவோம். அரசாங்க சுகாதார மருந்தகத்தில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். தேவைப்பட்டால் அங்கிருந்தே இந்நகரின் சுல்தானா பாஹியா மருத்துவமனைக்கோ, சுங்கை பட்டாணியின் சுல்தான் அப்துல் ஹலிம் மருத்துவமனைக்கோ கடிதம் கொடுப்பர். அவர் ஒரு சிறு குறிப்பேட்டில் நாள், நேரம், இரு எண்கள், நாடி ஆகியவற்றை எழுதி எடுத்துச் செல்லட்டும். வேலைக்கு மனுச் செய்த இடத்தில், சிகிச்சை பெற்று வருகிறேன் என்று ஏட்டைக் காட்டுவது, ஒன்றுமறியாதவர்போல் நிற்பதைவிட அவருக்கு நன்மையே தரும்.

இப்போது எல்லோரும் அமர்ந்தபடியே மணிக்கட்டில் விரல் வையுங்கள். சுவர்க் கடிகாரத்தின் முள் பன்னிரண்டைத் தொட்டதும் நாம் சொல்கிறோம். ஒரு நிமிடம் எண்ணுவோம். நூறைத் தாண்டியவர்கள் சிறிது இளைப்பாறி, மீண்டும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.