வரி இல்லையெனில் பாரமும் வேண்டாமா?



வருமான வரி பட்டணத்து முதலாளிமாருக்கே உரியது என்று நாம் ஒதுங்கியிருந்த காலம் ஒன்று உண்டு. இன்றோ, தோட்டத்திலிருந்து தொழிற்சாலைக்கும் அலுவலகத்துக்கும் செல்லும் நம் பிள்ளைகள் பலரது சம்பளச் சீட்டில் மாதாந்திர வரிக் கழிவு காணப்படுகிறது. "கட்டவேண்டிய வரியே இல்லை, பாரம் எதற்கு? நாள் போதாவிடில் தவணை கேட்கவேண்டுமா?" என்று ஓர் அன்பர் வினவினார். அதற்கு விடை கூறவே இப்பேச்சு.

வரி இல்லை என்பது ஒன்று. இனிக் கட்ட மீதம் இல்லை என்பது வேறொன்று. கழிவின் மூலம் வரி முழுவதும் சென்றுவிட்டவரும் "எனக்கு வரி இல்லை" என்றே கூறுகிறார். சட்டம் அவ்வாறு கருதுவதில்லை.

1967ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டப்படி, வரிக்குரிய வருமானம் உள்ளவர் மட்டுமன்றி, அஃது இல்லாதவரும், முந்திய ஆண்டில் பாரம் அனுப்பியிருந்தால் இவ்வாண்டும் அனுப்புதல் வேண்டும். தவறினால் 200 முதல் 20,000 வெள்ளி வரை அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். வழக்குத் தொடராவிடில், வரியின் மும்மடங்கு வரை தண்டம் விதிக்கவும் அதிகாரம் உண்டு. அது எவ்வித ஈடுசெய்தலுக்கும் முந்திய வரித்தொகையின்மீது கணக்கிடப்படுவது. பூச்சியத்தின் மும்மடங்கும் பூச்சியந்தானே என்று வாதிடும் கெட்டிக்காரர் உண்டு; அவர் முதலிற் கூறிய அபராதத்தை மறந்துவிடுகிறார்.

தவணை பற்றிச் சுருங்கக் கூறுவோம். வணிக வருமானம் இல்லாதவருக்கு ஏப்ரல் 30ஆம் நாளும், உள்ளவருக்கு ஜூன் 30ஆம் நாளும் கெடுவாகும். 2020இல் நோய்ப் பரவலின் காரணமாக அனைவருக்கும் இரு மாத நீட்டிப்பு வழங்கப்பட்டது. அத்தகைய சலுகையை ஆண்டுதோறும் எதிர்பார்த்தல் தகாது. வரி இல்லாதவர் அவகாசம் வேண்டிக் கடிதம் எழுதும் நேரத்தில் பாரத்தையே நிரப்பிவிடலாம் என்பது எம் கருத்து.

இனி, நம் மக்கள் உண்மையில் இழப்பது எது என்பதைப் பார்ப்போம். மணமாகாத ஓர் இளைஞர் மாதம் 5,000 வெள்ளிச் சம்பளத்தில் ஏழு மாதம் உழைத்தபின் வேலை இழந்தார் என்று கொள்வோம். மொத்தம் 35,000 வெள்ளி. ஊழியர் சேமநிதிச் சந்தா 3,850, தனிநபர் விலக்கு 9,000 ஆகியவை போக எஞ்சுவது 22,150. இதற்கு வரி 214 வெள்ளி 50 காசு. வரிக்குரிய வருமானம் 35,000 வெள்ளியைத் தாண்டாதவருக்கு 400 வெள்ளித் தள்ளுபடி உண்டாதலின், வரி ஏதுமில்லை.

ஆனால் அந்த ஏழு மாதங்களிலும், அவர் ஆண்டு முழுவதும் அதே சம்பளம் பெறுவார் என்னும் கணக்கிலேயே வரி கழிக்கப்பட்டது. அப்பணம் முழுவதும் அவருடையது. பாரம் அனுப்பினாலன்றி அது அவர் கைக்குத் திரும்பாது. வேலையற்றிருக்கும் வேளையில் அத்தொகை ஒரு மாத அரிசி பருப்புக்கு உதவும் அன்றோ!

ஒரே முதலாளியிடம் பன்னிரண்டு மாதமும் பணியாற்றி, முறையாகக் கழிவு செய்யப்பட்டவர் அக்கழிவையே இறுதி வரியாக ஏற்றுப் பாரம் அனுப்பாதிருக்கலாம். மேற்கூறிய இளைஞருக்கு அவ்விதி பொருந்தாது. பொருந்துவோரும், பெற்றோரின் மருத்துவச் செலவு போன்ற விலக்குகளைக் கழிவில் சேர்க்காதிருந்தால், பாரம் அனுப்புவதே ஆதாயம்.

முதலாளி பிப்ரவரி இறுதிக்குள் இ.ஏ. பாரம் தரக் கடமைப்பட்டவர். பழைய வேலையிடத்திலும் அதனைக் கேட்டுப் பெறுக. ரசீதுகளை ஏழாண்டு பத்திரப்படுத்துக. கணினியில் நிரப்பத் தெரியாத பெரியவர்களுக்கு, படித்த பிள்ளைகள் இவ்வாண்டு ஏப்ரல் பிறக்குமுன் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கித் தருமாறு வேண்டுகிறோம்.