பிலிங் மரமும் ஒரு கிளாஸ் சாறும்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



சுகாதாரம் பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டார். நான் ஒரு மரத்திலிருந்து தொடங்குகிறேன். விடுதிக் கிணற்றடியில் நின்ற பிலிங் மரம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். நவராத்திரிக்கு முதல்நாள் அதன் காயை நசுக்கித்தான் குத்துவிளக்குகளைத் தேய்ப்போம். களிம்பெல்லாம் போய் விளக்கு மின்னும். உப்புத் தொட்டுத் தின்று பல் கூசியதும் மறக்காது.

இந்த மரத்தின் தாவரவியற் பெயர் அவெரோவா பிலிம்பி. 12ஆம் நூற்றாண்டில் கோர்டோபாவில் வாழ்ந்த மருத்துவரும் மெய்யியலாளருமான இப்னு றுஷ்தின் பெயர் அதிலே இருக்கிறது.

வளர்ப்பதற்குப் பெரிய வித்தை தேவையில்லை. பழுத்து விழுந்த பழத்தின் விதையை உடனே ஊன்றினால் முளைக்கும். நல்ல வெயில் வேண்டும். நிழலில் காய் குறையும். தண்ணீர் தேங்கும் இடம் ஆகாது. வறண்ட பகுதியில் முதல் வருடங்களில் அடியில் சருகு போட்டுத் தண்ணீர் விடவேண்டும். பூவும் காயும் அடிமரத்திலும் கிளையிலும் கொத்துக் கொத்தாக வரும். பறித்த காய் சில நாட்களுக்கு மேல் நில்லாது. அதனால் மீன்கறிக்குப் போடுவோம், அச்சாறு போடுவோம், உப்பிட்டுக் காயவைப்போம்.

என் அம்மாவின் வளவில் நானே ஒரு கன்று நட்டேன். அயலுக்குக் கொடுத்தும் மிஞ்சுமளவுக்குக் காய்த்தது. சீனி வருத்தத்துக்கு நல்லதென்று யாரோ சொல்ல, அம்மா விடியற்காலையில் வெறும் வயிற்றில் ஒரு கிளாஸ் சாறு குடிக்கத் தொடங்கினார். சில நாட்களில் வாந்தி, சிறுநீர் குறைந்தது, கிரியேற்றினின் ஏறியிருந்தது. என்ன மருந்து எடுத்தீர்கள் என்று துருவித் துருவிக் கேட்டேன். என்ன குடித்தீர்கள் என்று கேட்கவில்லை. இரண்டாம் நாள் அம்மாவே சொன்னார்: "நீ வைத்த மரத்தின் காய்தானே பிள்ளை, அது மருந்தா?"

பிலிங்காயில் ஒக்ஸலேற் மிக அதிகம். வெறும் வயிற்றில் செறிந்த சாறாகப் போனால் அது விரைவாகக் குருதியில் கலக்கும். சிறுநீரகத்தில் கல்சியத்தோடு சேர்ந்து பளிங்காகி நுண்குழாய்களை அடைக்கும். கேரளாவில் இவ்விதம் பாதிக்கப்பட்ட 10 பேரைப் பற்றி 2013இல் ஒரு மருத்துவக் கட்டுரை வெளிவந்தது. அவர்களில் 7 பேருக்கு இரத்தச் சுத்திகரிப்புத் தேவைப்பட்டது. அம்மாவுக்கும் தேவைப்பட்டது. ஒன்றரை மாதத்தில் தேறினார்.

ஆகவே மூன்று விடயங்கள். குடும்பம் முழுவதற்கும் ஆக்கும் கறியில் நாலைந்து காய் போடுவது வேறு. சாறாகப் பிழிந்து ஒருவர் குடிப்பது வேறு. சாறு வேண்டாம். சிறுநீரக நோயாளரும் சிறுநீரகக் கல் உள்ளவரும் காயையும் தவிர்க்கவேண்டும். இதன் உடன்பிறப்பான காமரங்காவில் நரம்பைத் தாக்கும் நஞ்சும் உண்டு. சிறுநீரகம் பழுதானவருக்கு விக்கலில் தொடங்கி வலிப்பு, மரணம் வரை கொண்டுபோகக் கூடும்.

அம்மா மரத்தை வெட்டச் சொன்னார். நான் விடவில்லை. மரத்தில் குற்றமில்லை, வீட்டு மருந்தென்றால் அளவில்லை என்ற எங்கள் எண்ணத்தில்தான் குற்றம்.

அந்த மரத்தின் கன்றுகள் பன்னிரண்டு மண்டப வாசலில் இருக்கின்றன. விரும்பியவர்கள் கொண்டுபோய் நடுங்கள். இன்றைக்கே வீட்டுக்குப் போய், தூரத்தில் இருப்பவர்கள் தொலைபேசி எடுத்து, அம்மாவிடமோ மாமியிடமோ நான் கேட்கத் தவறிய கேள்வியைக் கேளுங்கள்: "காலையில் வெறும் வயிற்றில் என்ன குடிக்கிறீர்கள்?"