மலைப் பாசியும் மானாவாரி நிலமும்

(அருப்புக்கோட்டை வட்டாரப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கண்மாய் மராமத்து, விதை, உரம் ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதே இத்தகைய கூட்டங்களின் வழக்கம். இன்று நாம் மலைக்காட்டுப் பாசியைப் பற்றிப் பேச முன்வந்துள்ளோம். கரிசல் நிலத்தில் மழையை எதிர்நோக்கி நிற்கும் நமக்கும் பாசிக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். அத்தொடர்பு குண்டாற்றின் வழியாக வருவதாகும்.

திருச்சுழியை அடுத்து ஓடும் குண்டாறு, மேற்கே வருசநாட்டு மலைத்தொடரின் கீழ்ச்சரிவில் தோன்றுகிறது. அம்மலைப் பகுதியிலுள்ள சாப்டூர்க் காடுகள் 1988-இல் அமைந்த சாம்பல் நிற அணில் சரணாலயத்தைச் சேர்ந்தவை. 2021-இல் அச்சரணாலயம் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியாயிற்று.

நாம் கூறும் பாசி, கண்மாய் நீரில் மிதக்கும் பாசி அன்று. மரப்பட்டையிலும் பாறையிலும் பச்சைப் பட்டு விரித்தாற்போலப் படரும் சிறு செடியாகும். மண்ணோடு ஒட்டித் தட்டையாக வளரும் ஈரற்பாசியும் இதன் உறவே. ஈரலின் வடிவை ஒத்திருப்பதால் அப்பெயர் பெற்றது. இவற்றிற்குப் பூவும் இல்லை. உண்மையான வேரும் இல்லை. ஆகவே மழைநீரையும் மூடுபனியின் துளிகளையும் உடல் முழுவதாலும் உறிஞ்சுகின்றன. தம் உலர்ந்த எடையைப்போல் பன்மடங்கு நீரைத் தாங்கிச் சிறிது சிறிதாகக் கசியவிடுவனவும் இவற்றுள் உண்டு. பாசி மட்டுமே ஆற்றை உண்டாக்கிவிடும் என்று நாம் கூறவில்லை. மரமும் சருகும் மண்ணும் பாசியும் கூடியே மழையை மலையில் நிறுத்துகின்றன. எனினும், காட்டின் ஈரம் குறைவதை முதலில் உணர்த்துவனவற்றுள் பாசியும் ஒன்று. ஆதலால் பாசியைக் கணக்கெடுப்பது, காட்டின் ஈரத்திற்குப் பேரேடு எழுதுவது போன்றதாகும்.

கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் வாழ்ந்த ஏசு சபைப் பாதிரியார் ஃபோரோ, பழனி மலைகளில் பல ஆண்டுகள் பாசிகளைத் திரட்டி, 1961-இல் அவற்றின் பட்டியலை வெளியிட்டார். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடிப் பாசிகளைப் பற்றிய விரிவான நூல் 2013-இல் வெளிவந்தது.

இக்கணக்கெடுப்பு நடைபெறும் முறை எளியது. வனத்துறையின் அனுமதி பெற்றே காட்டினுள் செல்லுதல் வேண்டும். இடத்தின் உயரம் எவ்வளவு, பாசி படர்ந்திருப்பது மரத்திலா, பாறையிலா, மண்ணிலா என்பவற்றைக் குறித்துக்கொண்டு, சிறிதளவு மாதிரியை மட்டும் காகித உறையில் இட்டு உலர்த்துவர். பல ஆண்டுகள் கழித்தும், நீரில் நனைத்தால் அதன் இலைகள் மீண்டும் விரியும். உருப்பெருக்கியில் நோக்கி அதன் இனத்தை அறிவர்.

இச்செடியை நம் ஊரிலும் காணலாம். கார்த்திகை மழைக்குப் பின், கண்மாயின் ஈரக்கரையில் நாணயம் போன்ற பச்சை வட்டங்கள் மண்ணோடு ஒட்டிக் கிடக்கும். அவற்றுள் ரிக்சியா என்னும் ஈரற்பாசியும் உண்டு. கோடையில் அது காய்ந்து மறையும். அதன் வித்துத்தூள் மண்ணில் தங்கி, அடுத்த மழையில் முளைக்கும். மானாவாரி விதையைப் போலவே அதுவும் மழைக்குக் காத்திருக்கிறது.

இனி நாம் செய்யவேண்டுவன இரண்டு. ஆடி அமாவாசைக்கு நம் மக்கள் பலர் சதுரகிரிக்குச் செல்கின்றனர். அம்மலையும் இக்காட்டிலேயே உள்ளது. அங்கே தீ மூட்டாமலும், பிளாஸ்டிக் பைகளை எறியாமலும், பாசியையும் செடிகளையும் பெயர்க்காமலும் வருமாறு ஒவ்வொரு பஞ்சாயத்தும் பயணத்திற்கு முன்பே மக்களுக்கு எடுத்துரைத்தல் வேண்டும். இரண்டாவதாக, ஒவ்வோர் ஆண்டும் கண்மாய்க்கு நீர் வந்த நாளையும், வற்றிய நாளையும் பஞ்சாயத்தின் பதிவேட்டில் எழுதிவைத்தல் வேண்டும்.

மலையின் ஈரத்தை அறிஞர்கள் கணக்கிடட்டும். அது நம் கண்மாயை வந்தடையும் கணக்கை நாம் எழுதுவோம். இரண்டு ஏடுகளையும் சேர்த்துப் படித்தால், நீர் எங்கே தடைப்படுகிறது என்பதை நம் பிள்ளைகள் அறிவார்கள்.