நமது கிணறுகளுக்குச் சாட்சி யார்?

(ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பட்ட உரை)



கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் உண்டு. தாய்க்கு நீர்க்கடன் கழிக்க இராவணன் உண்டாக்கியவை என்பது ஐதிகம். நிலத்தடி நீரைப் புனிதமெனக் கொண்டாடும் மாவட்டம் நம்முடையது. அந்நீருக்கு நேரவிருந்த ஓர் ஆபத்தைப் பற்றியே இன்று பேச விழைகின்றோம்.

கொட்டியாரக் குடாவின் மறுகரையிலே உள்ளது சம்பூர். 2006 ஆம் ஆண்டுப் போரில் அவ்வூர் மக்கள் இடம்பெயர்ந்தனர். அங்கே 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையமொன்றை அமைக்க இந்தியாவும் இலங்கையும் கூட்டாகத் திட்டமிட்டன. சுற்றாடல் அமைப்பொன்று வழக்குத் தொடுத்தது. 2016 செப்டெம்பரில், திட்டத்தைக் கைவிடுவதாக அரசு உயர் நீதிமன்றத்திற்கு அறிவித்தது.

மின்சாரம் வேண்டாமென்றா சொல்கிறோம்? அன்று. நிலக்கரி எரிந்தபின் எஞ்சும் சாம்பல் எங்கே போகும் என்பதே எமது கேள்வி. நுரைச்சோலையில் சாம்பல் பறப்பதாக மக்கள் முறையிட்டதை நாம் அறிவோம். பறப்பது கண்ணுக்குத் தெரியும், இறங்குவது தெரியாது. சாம்பலிலே ஆசனிக், ஈயம், பாதரசம் முதலிய நஞ்சுகள் சிறிதளவில் உண்டு. அடியில் நீர்புகாத் தளமின்றி அதனைக் குவித்து வைத்தால், மழைநீர் அந்நஞ்சுகளைக் கரைத்துக்கொண்டு மண்ணுக்குள் இறங்கும். மணற்பாங்கான கரையோரத்திலோ நீர் விரைவாக ஊறும். கிணற்றுநீர் அப்போதும் தெளிவாகவே தோன்றும். நீரிற் கரைந்த ஆசனிக்குக்கு நிறமுமில்லை, சுவையுமில்லை.

கிணறு கெட்டபின் நீதி தேடுவது எத்துணைக் கடினம் என்பதைச் சுன்னாகம் காட்டிற்று. அங்கே கலந்தது சாம்பலன்று, மின்நிலையத்து எண்ணெய். அதற்கே அறிக்கைக்கு எதிரறிக்கை வந்தது. 2019 இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு விதித்தது. எண்ணெய்க்கே இத்தனை வாதமென்றால், கண்ணுக்குத் தெரியாத ஆசனிக்கை எவர் நிரூபிப்பார்?

ஆகவே, நீர் நன்றாயிருக்கும்போதே அதனைச் சோதித்து எழுதிவைப்போம். மூதூர் முதல் நிலாவெளி வரை ஊருக்கொரு கிணற்றைத் தெரிந்து, மாரிக்கு முன்னும் பின்னும் நீரை ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, முடிவை மன்றத்துக் கொப்பியிற் பதிவோம். அக்காலத்து நீர்மட்டத்தையும் சுவையையும் பெரியோர்களே சொல்லித் தரவேண்டும்.

2025 ஏப்பிரலில் சம்பூரிலே சூரிய மின்நிலையப் பணி தொடக்கி வைக்கப்பட்டது. வெயிலுக்குச் சாம்பல் இல்லை, மகிழ்கின்றோம். ஆயினும் துறைமுகமுள்ள ஊரைத் தொழிற்சாலைகள் தேடி வரவே செய்யும். "முன்னர் நீர் எப்படியிருந்தது?" என்று ஒருநாள் நம்மைக் கேட்பார்கள். அன்று நமது கொப்பி சாட்சி சொல்லட்டும்.