நூல் தூக்கியை மறக்காதீர்கள்

(தோட்டத்துத் தையல் வகுப்பில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



மடுவத்தில் கொழுந்து நிறுத்துவிட்டு, வீட்டு வேலையையும் ஒரு பக்கம் வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் நீட்டிப் பேச மாட்டேன். தையல் மெசினில் இருக்கிற ஒரேயொரு சின்னக் கம்பியைப் பற்றி மட்டும் சொல்லப் போகிறேன்.

கொஞ்ச நாளைக்கு முன் மேல் டிவிசனில் இருந்து ஒரு தங்கச்சி என்னிடம் வந்து, “ஐயா, மெசினை விக்கப் போறேன். யாராச்சும் வாங்குவாங்களா?” என்று கேட்டது. சீட்டு எடுத்த காசில் ஆசையாக வாங்கிய மெசின். தைத்தால் துணிக்கு அடியில் நூல் பந்து பந்தாகச் சுருண்டுகொள்கிறதாம். டவுனுக்கு இரண்டு தடவை தூக்கிக்கொண்டு போய்த் திருத்தியும் இருக்கிறது. பஸ் காசு, திருத்துக் கூலி, வேலைக்குப் போகாததால் இழந்த பேர், எல்லாம் நஷ்டம். வீட்டுக்குக் கொண்டு வந்து நூல் கோத்தால் திரும்பவும் அதே கதை.

நான் லயத்துக்குப் போய்ப் பார்த்தேன். சிக்கு அடியில்தானே இருக்கிறது என்று நானும் முதலில் பொபினைத்தான் கழற்றிப் பார்த்தேன். அதில் ஒரு குறையும் இல்லை. பிறகு மேலே பார்த்தால், ஊசிக்கு மேலே ஏறி இறங்குகிற கம்பியின் ஓட்டைக்குள் நூல் போகவே இல்லை. எடுத்து மாட்டினேன். தையல் ஒழுங்காக விழுந்தது. “இதுக்காகவா ஐயா இவ்வளவு காசு செலவழிச்சேன்?” என்றது அந்தத் தங்கச்சி. அந்தக் கேள்விதான் என்னை இன்றைக்கு இங்கே பேச வைத்தது.

மெசினோடு வரும் புத்தகத்தில் அதற்கு ‘டேக் அப் லீவர்’ என்று போட்டிருக்கும். நாம் நூல் தூக்கி என்று சொல்லுவோம். அது என்ன வேலை செய்கிறது?

விறகுக் கட்டு கட்டுவதை நினைத்துப் பாருங்கள். முதலில் கயிற்றைத் தளர விட்டுச் சுற்றுகிறோம். பிறகு முழங்காலை ஊன்றி இழுத்து இறுக்குகிறோம். தளர விடாவிட்டால் கயிறு சுற்றி வராது. இழுக்காவிட்டால் கட்டு நிற்காது. நூல் தூக்கி செய்வதும் இந்த இரண்டு வேலைதான்.

ஊசி கீழே இறங்கும்போது நூல் தூக்கியும் இறங்கி நூலைத் தளர விடுகிறது. ஊசி அடிமட்டம் போய்க் கொஞ்சம் மேலே எழும்பும்போது நூலில் ஒரு வளையம் விழும். அந்த வளையத்தைக் கீழேயுள்ள கொக்கி பிடித்துப் பொபினைச் சுற்றிக் கொண்டுபோகிறது. ஒரு தையலில் தங்கும் நூல் சில மில்லிமீற்றர்தான். ஆனால் பொபினைச் சுற்றிவர சில அங்குல நூல் வேண்டும். சுற்றி முடிந்ததும் நூல் தூக்கி விருட்டென்று மேலே போய், மிஞ்சிய நூலைத் துணிக்குள்ளால் திரும்ப இழுத்துத் தையலை இறுக்குகிறது. அடுத்த தையலுக்கு வேண்டிய நூலையும் கட்டையிலிருந்து இழுத்து வைக்கிறது. 1846இல் அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் காப்புரிமை பெற்ற மெசினும் இப்படி மேல் நூலையும் கீழ் நூலையும் பூட்டித்தான் தைத்தது. இன்றைய கரண்ட் மெசினும் அப்படித்தான் தைக்கிறது.

இப்போது விளங்குகிறதா? நூல் தூக்கியில் நூல் இல்லாவிட்டால் மிஞ்சிய நூலைத் திரும்ப இழுக்க ஆள் இல்லை. அது துணிக்கு அடியிலேயே குவிந்து சிக்குகிறது. சிக்கு தெரிவது கீழே, தவறு இருப்பது மேலே. ஆகவே அடியில் நூல் சுருண்டால் உடனே பொபினையும் ஆணிகளையும் திருகாதீர்கள். மேல் நூலை முழுவதும் உருவிவிட்டு, முதலிலிருந்து கோருங்கள்.

கோர்க்கும்போது சில விஷயங்களை ஞாபகம் வையுங்கள்.

முதலாவது, துணியை அழுத்தும் பாதத்தை உயர்த்தி வையுங்கள். அப்போதுதான் நூலை இறுக்கும் இரண்டு தட்டுகளும் விலகி நூலை உள்ளே விடும்.

இரண்டாவது, கைச்சக்கரத்தை உங்கள் பக்கமாகச் சுற்றி, நூல் தூக்கியை ஆக உயரத்துக்குக் கொண்டு வாருங்கள். புது மெசின்களில் அது மூடிக்குள் மறைந்திருக்கும், உயர்த்தினால்தான் கண்ணுக்குத் தெரியும்.

மூன்றாவது, தைக்கத் தொடங்கும்போதும் துணியை வெளியே எடுக்கும்போதும் அது உயரத்திலேயே இருக்க வேண்டும். கீழே இருக்கும்போது தொடங்கினால், மேலே போகிற வேகத்தில் ஊசியிலிருந்து நூலை உருவிவிடும். “ஊசியில நூலே நிக்குதில்ல” என்று சலித்துக்கொள்வோமே, பல நேரம் காரணம் இதுதான்.

நான்காவது, முதல் இரண்டு மூன்று தையலுக்கு இரண்டு நூல் நுனிகளையும் கையால் பிடித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஒரே நூல் துண்டு தையலில் தங்குவதற்கு முன் ஊசிக் காதுக்குள் பல தடவை போய் வருகிறது. ஆகவே இற்றுப்போன பழைய நூலைப் போட்டால் அறுந்துகொண்டே இருக்கும். அதற்கு மெசினைக் குறை சொல்ல வேண்டாம்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு இலவசமாகத் தரும் சீருடைத் துணியைத் தைக்கக் கூலி கொடுப்பது நமக்குப் பெரிய செலவு. வீட்டில் ஒரு மெசின் ஓடினால் அந்தக் காசு வீட்டிலேயே நிற்கும், பக்கத்து லயத்துப் பிள்ளைகளுக்கும் தைத்துக் கொடுக்கலாம். அந்தத் தங்கச்சி மெசினை விற்கவில்லை. இப்போது அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு நூல் கோர்க்கச் சொல்லிக் கொடுக்கிறது.

இனி ஒவ்வொருவராக வந்து நூல் கோர்த்துக் காட்டுங்கள், பார்ப்போம்.