மூன்றாவது மிதி

ஸ்போர்ட்ஸ் கார் வாங்க எண்ணும் ஒருவர் அதன் நிறத்தைப் பற்றியும் விலையைப் பற்றியும் பல நாள் ஆலோசிப்பார். ஆயின், வாங்கிய பின் அவ்வண்டி அவருக்கு இன்பம் தருமா, சலிப்புத் தருமா என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது வேறொன்று. சாரதியின் காலடியில் இருக்கும் மிதிகள் இரண்டா, மூன்றா என்பதே அது. மூன்று என்றால், இடப்புறம் இருப்பது கிளச்சு. கியரைச் சாரதி தம் கையாலேயே மாற்றியாக வேண்டும். இரண்டு என்றால், அவ்வேலையை வண்டி தானே பார்த்துக்கொள்ளும். சாதாரணக் காரைப் பொறுத்தமட்டில் இது வெறும் வசதி பற்றிய கேள்வி. ஸ்போர்ட்ஸ் காரிலோ இது சமயவாதம் போலவே ஆகிவிட்டது. கைக்கியர்க் கட்சியார் மற்றவரைச் சோம்பேறி என்பர். தன்னியக்கக் கியர்க் கட்சியார் இவரைப் பழைமைவாதி என்பர். இந்த ஏச்சுப் பேச்சுக்களை ஒதுக்கிவிட்டு, பொருளை மட்டும் எடுத்து ஆராய்வது பயன் தரும்.

பெட்றோல் எஞ்சினுக்கு இயல்பாகவே ஒரு குறை உண்டு. மிக மெதுவாகச் சுழலும்போது அதற்குப் பலம் இல்லை. ஓர் எல்லைக்கு மேல் சுழன்றால் உடைந்துவிடும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு பகுதியிலேதான் அது தன் முழு ஆற்றலையும் தரும். மலைப்பாதையில் ஏறும் பஸ் வண்டியின் எஞ்சின் முனகத் தொடங்கியதும், சாரதி கியரைக் குறைக்க, அவ்வொலி மாறுவதை நேயர்கள் கேட்டிருப்பார்கள். எஞ்சினை அதன் நல்ல நிலையிலே வைத்திருக்கும் முயற்சியே அது. கியரை மாற்றுவதற்கு எஞ்சினுக்கும் சில்லுகளுக்கும் உள்ள தொடர்பை ஒரு கணம் அறுக்க வேண்டும். கிளச்சு அதற்காகவே அமைந்தது. ஆதிக் கார்களிலே பற்சில்லுகளின் வேகம் ஒத்துவராவிட்டால் அவை ஒன்றோடொன்று மோதிக் கர்ணகடூரமாக ஓலமிடும். இதைத் தவிர்க்கக் கிளச்சை இருமுறை மிதித்து, இடையிலே எஞ்சினின் வேகத்தையும் கூட்டி, மிக்க சாமர்த்தியத்தோடு மாற்ற வேண்டியிருந்தது. 1928ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கடிலாக் கார், பற்சில்லுகளின் வேகத்தைத் தானே சமப்படுத்தும் பொறியோடு வெளிவந்தது. அன்று தொடங்கியே சாரதியின் கைத்திறனில் ஒரு பங்கை இயந்திரம் எடுத்துக்கொண்டு வருகிறது. 'தூய' கைக்கியர் என்று இன்று கொண்டாடப்படுவது, அந்நாளைய சாரதிகளின் கண்ணுக்கு ஒரு குறுக்குவழியாகவே தோன்றியிருக்கும்.

தன்னியக்கக் கியர் ஸ்போர்ட்ஸ் காருக்கு அந்நியமானது என்று கூறுவோர் கொர்வெட் காரின் கதையைச் சற்று நோக்குதல் வேண்டும். 1953ஆம் ஆண்டில் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் வெளியிட்ட முதற் கொர்வெட், ஆறு சிலிண்டர் எஞ்சினையும் இரண்டே கியர்கள் கொண்ட பவர்கிளைட் என்னும் தன்னியக்கப் பெட்டியையும் உடையது. கைக்கியர் வேண்டுமென்று கேட்பவருக்கும் அது கிடைக்கவில்லை. அவ்வாண்டில் 300 வண்டிகள் செய்யப்பட்டன; அடுத்த ஆண்டில் மூவாயிரத்துக்கு மேல் செய்தபோது பல விற்பனையாகாமல் தேங்கின. தோற்றம் அழகு, ஓட்டம் மந்தம் என்பதே பொதுப் பேச்சு. 1955இல் எட்டுச் சிலிண்டர் எஞ்சினும், அதனைத் தொடர்ந்து கைக்கியரும் வந்த பின்னரே அது மெய்யான ஸ்போர்ட்ஸ் கார் என்று பெயரெடுத்தது. பின்னர், 1982ஆம் ஆண்டு நீங்கலாக, 2019 வரை வெளிவந்த கொர்வெட் கார்களிலெல்லாம் கைக்கியர் கிடைத்தது. 2020ஆம் ஆண்டு மாதிரியில் அது மீண்டும் மறைந்துவிட்டது. எட்டுக் கியர்களுடைய தன்னியக்கப் பெட்டி ஒன்றே உண்டு. 1953இன் வண்டி மணிக்கு 60 மைல் வேகத்தை எட்ட ஏறத்தாழ 11 செக்கன் எடுத்தது; 2020இன் வண்டி தக்க உபகரணங்களோடு 3 செக்கனுக்குள் எட்டிவிடுகிறது. இரண்டிலும் மிதிகள் இரண்டே. அன்று மிதி இல்லாதது குறையாயிற்று. இன்று அதுவே வேகத்துக்குக் காரணம்.

பழைய தன்னியக்கப் பெட்டிகள் மந்தமாக இருந்தமைக்குக் காரணம் எண்ணெய். எஞ்சினுக்கும் கியருக்கும் இடையே இறுகிய பிடிப்புக்குப் பதிலாகச் சுழலும் எண்ணெயே பலத்தைக் கடத்திற்று. அதில் ஒரு பகுதி வெறும் சூடாக வீணாயிற்று. ஆயினும் அறிவுடையார் கையில் அதுவும் பயன்பட்டது. டெக்சாசு மாநிலத்து ஜிம் ஹோல் என்பவர், தாம் அமைத்த சப்பரல் என்னும் பந்தயக் காரில் இத்தகைய எண்ணெய்ப் பிணைப்பைப் பொருத்தி, 1965ஆம் ஆண்டில் செப்ரிங் என்னுமிடத்தில் நடந்த 12 மணிநேரப் பந்தயத்தில் ஹப் ஷார்ப்புடன் சேர்ந்து வென்றார். அடுத்த ஆண்டில் அவர் செய்த காரில், கிளச்சு இல்லாமையால் ஓய்ந்திருந்த இடது காலுக்குப் புதியதொரு வேலையைக் கொடுத்தார். வண்டியின் பின்புறத்தே உயர்த்தி வைத்த இறக்கையின் சாய்வை அக்கால் மாற்றியது. கிளச்சு போனால் சாரதிக்கு வேலையில்லாது போகும் என்பாருக்கு இதைவிட நல்ல விடை கிடைப்பது அரிது.

பெரிய திருப்பம் 1989ஆம் ஆண்டில் ஏற்பட்டது. பெராரி அணிக்காக ஜோன் பார்னாட் வடிவமைத்த காரில், சுக்கானுக்குப் பின்னால் இரு சிறு துடுப்புகள் இருந்தன. ஒன்றை விரலால் இழுத்தால் கியர் ஏறும். மற்றதை இழுத்தால் இறங்கும். ஒத்திகைகளில் அது ஓயாது பழுதடைந்தது. பிரேசில் பந்தயத்தை முடிக்கும் என்று அணியினரே பெரிதாக நம்பவில்லை. நைஜல் மன்செல் அந்த வண்டியில் அதன் முதற் பந்தயத்திலேயே வென்றுவிட்டார். சில ஆண்டுகளுக்குள் உலகச் சாம்பியன் பந்தயங்களில் கியர்த்தடியே காணாமற் போயிற்று. 1997இல் பெராரி நிறுவனம் இத்துடுப்புகளைத் தன் 355 என்னும் தெருக் காருக்கும் கொடுத்தது. 2009இல் வெளியான 458 காருக்குக் கைக்கியரே இல்லை.

இடையிலே இன்னொரு கண்டுபிடிப்பும் முதிர்ந்துகொண்டிருந்தது. ஒரு கிளச்சுக்குப் பதிலாக இரண்டை வைத்து, ஒற்றை எண் கியர்களை ஒன்றுக்கும் இரட்டை எண் கியர்களை மற்றதற்கும் ஒப்படைப்பதே அது. மூன்றாம் கியரில் ஓடும்போதே நான்காம் கியர் ஆயத்தமாகக் காத்திருக்கும். ஒரு கிளச்சு விட, மற்றது பிடிக்க, பலம் அறுபடாமலே கியர் மாறிவிடும். ஜேர்மனியின் போர்ஷே நிறுவனம் 1980களில் தன் பந்தயக் கார்களில் இதனைச் சோதித்தது. 1986இல் மொன்சாவில் ஒரு வெற்றியும் கண்டது. தெருக் காருக்கு இதனை முதலில் பெருமளவிற் கொணர்ந்தது வொக்ஸ்வாகன், 2003இல். போர்ஷே 911 இதனைப் பெற்றது 2008இல். எண்ணெயின் மந்தம் நீங்கியது. எந்த மனிதக் கையும் இதனோடு வேகத்தில் போட்டியிட இயலாது. இவ்விடயத்தில் இப்போது வாதத்துக்கே இடமில்லை.

ஆயினும் வாதம் ஓயவில்லை. ஏன் ஓயவில்லை என்பதைக் காட்டுவது போர்ஷே 911 ஜி.டி.3 என்னும் வண்டியின் வரலாறு. 1999ஆம் ஆண்டில் பிறந்த இவ்வகைக் கார், பந்தயத் தடத்தை நாடும் சாரதிகளுக்கென்றே ஆனது. கைக்கியர் மட்டுமே உடையது. 2013இல் வந்த புதிய மாதிரியிலே கைக்கியரை அறவே நீக்கி, இரட்டைக் கிளச்சுப் பெட்டியை மட்டும் வைத்தனர். வண்டி முன்னையதைவிட விரைவாகத்தான் ஓடியது. ஆனால் நெடுநாள் வாடிக்கையாளர் பலர் முகம் சுளித்தனர். அவர்கள் கேட்டது விரைவை அன்று. 2016இல் அந்நிறுவனம் 911 ஆர் என்ற பெயரில் 991 வண்டிகளை மட்டும் கைக்கியரோடு செய்தது. அத்தனையும் விற்றுத் தீர்ந்தன. கைமாறும் சந்தையில் அவற்றுக்குப் பன்மடங்கு விலை கேட்கப்பட்டது. பாடம் படித்த நிறுவனம் 2017இன் ஜி.டி.3 காரில் இரண்டையும் வைத்து, வாங்குபவர் விருப்பத்துக்கு விட்டது.

அந்த 2017இன் வண்டி, இரு கட்சியாரின் வழக்கையும் ஒரே தராசில் நிறுக்க உதவுகிறது. எஞ்சின் ஒன்றே, 500 குதிரை வலு. நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீற்றரை எட்டத் தன்னியக்கப் பெட்டிக்கு 3.4 செக்கன், கைக்கியருக்கு 3.9. அரைச் செக்கன் அற்பம் என்று தோன்றும். அந்த வேகத்தில் அரைச் செக்கனில் வண்டி ஏறக்குறைய 14 மீற்றர் சென்றுவிடும் என்பதை நினைத்தால் பந்தயக்காரருக்கு அது அற்பமன்று. மறுபுறம், கைக்கியர் வண்டி 17 கிலோகிராம் எடை குறைந்தது. அதன் உச்ச வேகம் 320. மற்றதன் உச்ச வேகம் 318. நியூர்பேர்க்ரிங் தடத்தில் 2021இன் ஜி.டி.3, தன்னியக்கப் பெட்டியோடு 6 நிமிடம் 59.9 செக்கனில் ஒரு சுற்றை முடித்தது. 2025இல் அதன் திருத்திய மாதிரி, கைக்கியரோடு 6 நிமிடம் 56.3 செக்கனில் முடித்தது. கைக்கியரே இந்த லாபத்தைத் தந்தது என்று எவரும் கொள்ளலாகாது. வண்டியின் மற்றைய திருத்தங்கள் தந்த லாபம் அது. கைக்கியர் காரணமாக ஒரு வண்டி பொம்மையாகிவிடுவதில்லை என்ற அளவுக்கே இது சான்று.

அப்படியாயின் கைக்கியரை வேண்டுவோர் பெறுவதென்ன? வளைவை நெருங்கும்போது வலக்காலின் முன்பாதம் பிறேக்கை அழுத்த, அதே காலின் ஓரம் எஞ்சினை ஒரு கணம் உறுமச் செய்ய, இடக்கால் கிளச்சை மிதிக்க, கை கியரை இறக்கும். நான்கும் ஒத்து நிகழ்ந்தால் வண்டி ஆடாமல் அசையாமல் வளைவுக்குள் நுழையும். ஒன்று பிசகினாலும் குலுங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். மிருதங்கக்காரரின் இரு கைகளைப் போல, பல மாதப் பயிற்சியின் பின்னரே இது கைவரும். கைவந்த பின் வரும் மகிழ்ச்சி கடிகாரத்தில் அகப்படாதது. ஆனால் இதற்கு ஒரு விலையும் உண்டு. அதிவேகத்தில் ஐந்தாம் கியரிலிருந்து நான்குக்கு மாற்ற எண்ணி, பதற்றத்தில் இரண்டாம் கியரில் தள்ளிவிட்டால், சில்லுகளின் வேகமே எஞ்சினை அதன் எல்லைக்கு அப்பால் இழுத்துச் சுழற்றும். எந்தக் காவற் பொறியும் அதனைத் தடுக்காது. வால்வுகள் பிஸ்டனில் மோதி எஞ்சின் பாழாகும். தன்னியக்கப் பெட்டி அத்தகைய கட்டளையை ஏற்கவே மறுத்துவிடும். ஒரு வண்டியின் விலையில் பெரும்பகுதி எஞ்சினில் இருப்பதால், இதனைக் கற்கும் ஆர்வலர் முதலில் விலை குறைந்த வண்டியிற் கற்பதே புத்தி. 2009ஆம் ஆண்டு மாதிரி நிசான் 370 இசட் கார் முதலாகப் பல வண்டிகளில், கியர் இறங்கும்போது எஞ்சினைத் தானே உறுமச் செய்யும் பொறி வந்துவிட்டது. தூய கைக்கியர்க்காரர் பலர் அதை முடுக்கிவிட்டே ஓட்டுகின்றனர்!

தன்னியக்கப் பெட்டியை வேண்டுவோரைச் சோம்பேறிகள் என்பது நியாயமற்றது. இத்தாலிய வீரர் அலெக்ஸ் சனார்டி 2001இல் ஜேர்மனியில் நடந்த பந்தயத்தில் இரு கால்களையும் இழந்தார். பின்னரும் அவர் ஓட்டுவதை விடவில்லை. 2019ஆம் ஆண்டில் டெய்டோனா 24 மணிநேரப் பந்தயத்தில், கைகளால் மட்டுமே இயக்கத்தக்கதாகச் செய்யப்பட்ட பி.எம்.டபிள்யூ. காரில் மற்ற வீரரோடு சமமாக ஓடினார். கியர் மாற்றம் விரலுக்கு வந்திராவிட்டால் இது எளிதில் இயலாது. முழங்கால் தேய்ந்த முதியவருக்கும், நாள்தோறும் நெரிசலில் ஊர்ந்து செல்பவருக்கும் இக்கருத்து வேறு அளவிற் பொருந்தும்.

தெரிவு செய்வோர் பெரும்பாலும் மறந்துவிடுவது ஒன்றுண்டு. 500 குதிரை வலுக் கார் இரண்டாம் கியரிலேயே மணிக்கு 120 கிலோமீற்றரைத் தாண்டிவிடும். பொதுத் தெருவில் அதற்கு மேல் ஓட்டச் சட்டம் இடந்தராத நாடுகளே மிகுதி. ஆகவே அவ்வண்டியில் கைக்கியரை வாங்கியவர், எஞ்சினை முழுதாகப் பாடவைத்து மாற்றும் இன்பத்தை ஒருமுறை இருமுறைதான் நுகர முடியும். 1989 முதல் விற்பனையாகும் மஸ்டா எம்.எக்ஸ்.5 போன்ற சிறிய, எடை குறைந்த காரிலோ கியர்த்தடிக்கு ஓயாத வேலை உண்டு. சட்டத்தை மீறாமலே அந்த இன்பம் கிட்டும். ஆதலால் மலைத்தெருவில் மகிழ்ச்சியை நாடுவோருக்குச் சிறிய காரும் கைக்கியரும். பந்தயத் தடத்தில் நேரத்தை அளப்போருக்குப் பெரிய காரும் இரட்டைக் கிளச்சும் பொருந்தும். பெரிய காரில் கைக்கியரைக் கேட்பது பாவமன்று. ஆயின் அதிலொரு பங்கு பெருமைக்காகவே என்பதை வாங்குபவர் உணர்ந்து வாங்கலாம்.

வாங்குவோரின் தெரிவு அவரோடு முடிவதுமில்லை. கேட்பார் குறைந்தால் நிறுவனம் அந்தப் பெட்டியைச் செய்வதையே நிறுத்திவிடும். 2019இல் டொயோட்டா தன் சுப்ரா காரைத் தன்னியக்கப் பெட்டியோடு மட்டுமே வெளியிட்டது. ஆர்வலர் விடாது கேட்டதனால் 2022இல் கைக்கியரையும் சேர்த்தது.

மின்சாரக் கார்களுக்கோ இந்த வழக்கே இல்லாதிருக்க வேண்டும். மின்மோட்டார் நின்ற நிலையிலேயே முழுப் பலத்தையும் தருவதால் பெரும்பாலானவற்றுக்குப் பல கியர்கள் தேவையில்லை. ஆயினும் 2023இல் வெளிவந்த ஹியுண்டாய் அயோனிக் 5 என் என்னும் மின்காரில், சுக்கானுக்குப் பின்னே இரு துடுப்புகள் உள்ளன. இல்லாத எட்டுக் கியர்களை அவை மாற்றுகின்றன. மாற்றும்போது வண்டி வேண்டுமென்றே சிறிது குலுங்கும். ஒலிபெருக்கியிலிருந்து எஞ்சினின் உறுமல் எழும். சாரதி மாற்றத் தவறினால், இல்லாத எஞ்சின் தன் எல்லையை எட்டிவிட்டது போல வண்டி மேலும் விரைய மறுத்து நிற்கும்.